பூஜ்யத்துக்குக் கீழே

ஆவுடையம்மாள் டீச்சர் கத்த ஆரம்பித்தால் எங்கள் இல்லத்தில் பாதிப் பேருக்குச் சிரிப்பு வந்துவிடும். முப்பத்திரண்டு வருஷம் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவர். பேச்செல்லாம் போய், பெற்ற மகளின் பெயர்கூடப் போய், டிரில் மட்டும் அவரிடம் மிச்சம் இருந்தது. காலையில் குளிப்பாட்ட எழுப்பினால் போதும், "அட்டென்ஷன்! லைன்ல நில்லு! ஓடு, ஓடு!" என்று பாளையங்கோட்டை முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம். வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருக்கும் பெரியவர்களில் ஒருவர் நிஜமாகவே எழுந்து விறைப்பாக நிற்பார்.

நானும் சிரித்திருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னை நல்லவன் என்று நினைத்துவிடக் கூடாது.

என் பெயர் திரவியம். மறதி நோய் முற்றிய முதியவர்களுக்கான இல்லத்தில் டாக்டர். இங்கே நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் மருந்துச் சீட்டு எழுதுவது நான் ஒருவன்தான். நாற்பத்தொரு பேரில் ஒருவருக்குக்கூட "எனக்கு இங்கே வலிக்கிறது" என்று வாய் திறந்து சொல்லத் தெரியாது. பல் வலித்தால் தட்டைத் தள்ளிவிடுவார்கள். வயிறு வலித்தால் பக்கத்துப் படுக்கைக்காரரை அடிப்பார்கள். பார்க்கிறவர்கள் வயசாகிப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

முன்பெல்லாம் நாங்கள் குத்துமதிப்பாகத்தான் மருந்து கொடுத்தோம். முகத்தைப் பார்ப்போம், முனகலைக் கேட்போம், ஒரு அளவு எழுதுவோம். குருவையா என்று ஒருவர் இருந்தார், ரைஸ்மில் ஓட்டியவர். இரண்டு நாளாக ஓயாமல் முனகினார். வலி தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று நான் கொஞ்சம் பலமான மருந்தாக எழுதினேன். முனகல் நின்றது. மறுநாள் மதியம் மூச்சும் நின்றது. அவர் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, நிம்மதியாகப் போனார் டாக்டர், ரொம்ப நன்றி என்றான். அந்த நன்றியை என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

ஆகவே வலிமானி வந்தபோது நான் அதைக் கும்பிடாத குறை. காதுக்குப் பின்னால் ஒட்டும் சின்னப் பட்டை. நரம்பில் ஓடுவது, நாடி, வியர்வை எல்லாவற்றையும் சேர்த்துப் படித்துப் படுக்கைக்கு மேலே உள்ள திரையில் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைக் காட்டும். மூன்றைத் தாண்டினால்தான் வலி மருந்துப் பெட்டி திறக்கும். முதியவர்களை மருந்து கொடுத்தே மயக்கிப் போட்ட இல்லங்களைப் பற்றிப் பெரிய கூச்சல் கிளம்பிய பிறகு வந்த சட்டம் அது. டாக்டர் தன் பொறுப்பில் கையெழுத்துச் சீட்டு எழுதலாம். ஆனால் எழுதினால் விசாரணைக் குழு முன்னால் போய் நின்று பதில் சொல்ல வேண்டும். ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் அதன்பின் டாக்டர் என்று போர்டு மாட்டிக்கொள்ள முடியாது. இரண்டு வருஷத்தில் நான் ஒரு சீட்டுகூட எழுதவில்லை. எழுத வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

பட்டைக்கு ஒரே ஒரு சங்கதி வேண்டும். ஆளுக்கு ஆள் உடம்பு வேறல்லவா, அதனால் முதலில் ஒரு மணி நேரம் 'நிம்மதி நேரம்' பதிய வேண்டும். அந்த மனிதர் வலியில்லாமல், சந்தோஷமாக இருக்கும் ஒரு வேளையைக் குடும்பத்தார் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேளையில் உடம்பு இருக்கும் நிலைதான் அவருக்குப் பூஜ்யம். மற்றதெல்லாம் அதிலிருந்து எண்ணப்படும். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பட்டையை முன்கூட்டியே வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம்.

எங்கள் இல்லத்தில் முதல் பட்டையை யாருக்கு ஒட்டினேன் தெரியுமா? என் அப்பாவுக்கு. ஆறுமுகப்பெருமாள், நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தவர். மூன்றாம் எண் அறை. அதுவரை இடுப்பு வலிக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்து வந்தேன். பட்டை ஒட்டியதும் எண் பூஜ்யத்தில் நின்றது. மாத்திரையை நிறுத்தினேன். இரண்டு வருஷமாக அதே பூஜ்யம். கத்தமாட்டார், யாரையும் அடிக்கமாட்டார். ஜன்னலோரம் படுத்துக்கொண்டு இரண்டு விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். பார்க்க வருகிறவர்களிடம், அப்பா தாளம் போடுகிறார் என்று நான் பெருமையாகச் சொல்வேன்.

ஆவுடையம்மாள் டீச்சரின் திரையிலும் பூஜ்யம்தான். அவர் வந்து நாலு மாதம் ஆகிறது, ஒரு நாள்கூட அது ஒன்றைத் தொட்டதில்லை. ஆனால் கத்தல் கூடிக்கொண்டே போனது. வலி பூஜ்யம், கத்தலோ உச்சம் என்றால் கருவியின் கணக்கில் அது 'நடத்தைக் கோளாறு'. அதற்கு அமைதி மருந்து உண்டு. அந்தப் பெட்டிக்குப் பூட்டு இல்லை, அது வேறு வேடிக்கை. நான் மூன்று தடவை அளவைக் கூட்டினேன். டீச்சர் பகல் முழுக்கத் தலை தொங்கி உட்கார்ந்திருந்தார், எச்சில் வழிந்தது, ஆனால் எழுப்பினால் மட்டும் அதே சத்தம். குளிப்பாட்டப் போன பெண்ணின் மணிக்கட்டைக் கடித்துவிட்டார். திங்கட்கிழமை அவரை அடைப்பு வார்டுக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. அங்கே போனவர்கள் நடந்து திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை பிலோமி சிஸ்டர் என் அறைக்கு வந்து நின்றார். இருபது வருஷமாக முதியவர்களைப் புரட்டிப் படுக்கவைக்கிற நர்ஸ், வாயாடி அல்ல.

"டீச்சர் கத்துததுக்கு முந்தி கால் விரல மடக்குதாவ சார். சத்தம் அப்புறந்தான் வருது."

"திரையில என்ன இருந்துச்சு?"

"பூஜ்யந்தான்."

"பிறகென்ன? மெஷின விட உங்களுக்குத் தெரியுமாக்கும்?"

"எனக்குத் தெரியாது சார். டீச்சர் காலுக்குத் தெரியும்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனாலும் போய்ப் பார்த்தேன். டீச்சரை மெல்ல எழுப்பி உட்காரவைக்கச் சொன்னேன். முதுகு படுக்கையை விட்டு எழும்பிய கணத்தில் இரண்டு காலின் விரல்களும் உள்ளே மடங்கின. விரல் முட்டிகூட வெளுத்துவிட்டது. அதன் பிறகுதான் வாய் திறந்து "அட்டென்ஷன்" வந்தது. திரையில் பச்சை நிறத்தில் பூஜ்யம்.

அன்று சாயங்காலமே டீச்சரின் மகளை வரச்சொன்னேன். சுபத்ரா, மின்வாரிய அலுவலகத்தில் வேலை, ஐம்பதை நெருங்கும் பெண். அடைப்பு வார்டுக்குக் கையெழுத்துப் போடத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து வரும்போதே கண் கலங்கியிருந்தார். நான் வேறொன்று கேட்டேன். டீச்சரின் நிம்மதி நேரத்தை என்றைக்குப் பதிந்தீர்கள் என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அது நல்ல நாள் சார் என்று செல்போனில் படம் தேடி எடுத்தார். அவர் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து நிச்சயம் செய்த நாள். அதற்கு முந்திய பல மாதங்களாகவே டீச்சர் சுருண்டு கிடந்திருக்கிறார். சம்பந்தி வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றிய சத்தம் கேட்டதும் எழுந்து, பட்டுச்சேலையில் நேராக உட்கார்ந்து, வாயெல்லாம் சிரிப்பாக அத்தனை பேரையும் கும்பிட்டிருக்கிறார். இதைவிட அம்மா சந்தோஷமாக இருந்து நான் பார்க்கவே இல்லை சார், அதனால்தான் அந்த வேளைக்கு முந்தியே பட்டையை ஒட்டிவிட்டேன், கொண்டை மறைத்துக்கொண்டது என்றார்.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிரிப்பைப் பார்க்கவில்லை. சேலைக் கரைக்குக் கீழே பார்த்தேன். கால் விரல்கள் மடங்கியிருந்தன.

"அதுக்கு முந்தி அம்மா எங்கயாவது விழுந்தாங்களா?"

சுபத்ரா செல்போனை வாங்கிப் பையில் வைத்தார், பையின் ஜிப்பை இழுத்தார், திரும்பத் திறந்தார். கடைசியில்தான் பேசினார்.

"ஒரு வாரத்துக்கு முந்தி பாத்ரூம்ல வழுக்கி உக்காந்துட்டாவ. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா நாலு பேருக்குத் தெரியும். அம்மாவுக்கு மறதி நோய்னு சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா, பரம்பரையா வரும்னு பேச்சக் கெளப்பிருவாவ. தைலம் தேச்சேன். அன்னைக்குக் காலையில நான்தான் சொன்னேன், அவிய முன்னாடி முகத்தச் சுளிச்சிராதம்மா, சிரிச்ச முகமா இருன்னு."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எவ்வளவு நேரம் இருந்தாங்க?"

"மூணு மணி நேரம். சாப்பிட்டுட்டுத்தான் போனாவ." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் சொன்னத அம்மா மறக்கல சார். எல்லாத்தையும் மறந்தாவ, அத மட்டும் மறக்கல."

எனக்கு அவரைத் திட்டவும் மனசில்லை, தேற்றவும் தெரியவில்லை. கருவி ஒரு தப்பும் செய்யவில்லை. அன்றைக்கு அந்த உடம்பு எப்படி இருந்ததோ அதையே பூஜ்யம் என்று கற்றுக்கொண்டது. முதுகு நசுங்கிய வலியோடு சிரித்தபடி உட்கார்ந்திருப்பதுதான் ஆவுடையம்மாளுக்கு நிம்மதி என்று நாங்கள்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

கருவிக் கம்பெனிக்குப் போன் போட்டேன். பேசிய பையன் ரொம்ப மரியாதையானவன். நிம்மதி நேரத்தைத் தாராளமாக மாற்றிப் பதியலாம் சார், அவருக்கு வலியில்லாத ஒரு மணி நேரம் இருந்தால் போதும் என்றான். வலி போக மருந்து வேண்டுமே என்றேன். எண் மூன்றைத் தாண்டினால் பெட்டி திறக்கும் சார் என்றான். எண் தப்பு என்றுதானப்பா சொல்கிறேன் என்றேன். அப்படியானால் நிம்மதி நேரத்தை மாற்றிப் பதியுங்கள் சார் என்றான். போனை வைத்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது கையெழுத்துச் சீட்டு. வெள்ளிக்கிழமை காலை அந்த நோட்டை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பேனா எடுத்தால் குருவையாவின் முகம் வந்தது. எண்பதை நெருங்கும் பெண், ஏற்கெனவே நான் கொடுத்த அமைதி மருந்து உடம்பு முழுக்க. அதன்மேல் இன்னொன்றைப் போட்டு, மூச்சு மந்தமானால்? நான் நினைப்பது தப்பாக இருந்து, கத்தல் வெறும் கத்தலாகவே இருந்தால்? எழுதாமலிருந்தால் எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை. திங்கட்கிழமை வண்டி வந்து அவரை ஏற்றிப் போய்விடும். இந்த எண்ணமும் வந்தது, வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

பிலோமி சிஸ்டர் டீ கொண்டுவந்து வைத்தார். நோட்டைப் பார்த்துவிட்டுப் போனார். டீ ஆறிப்போன பிறகு எழுதினேன். அமைதி மருந்தில் பாதியைக் குறைத்தேன். சாதாரண பாராசிட்டமால், கேட்டால் கொடுக்கவும் என்று எழுதவில்லை, வேளாவேளைக்குத் தவறாமல் என்று எழுதினேன். முதுகுக்கு எக்ஸ்ரே எழுதினேன். நாலு மாதமாக இதை எழுத எனக்கு ஏன் தோன்றவில்லை? எண் பூஜ்யமாக இருந்ததால் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை எக்ஸ்ரே வந்தது. முதுகெலும்பில் ஒரு எலும்பு அமுங்கிப்போய் இருந்தது. கத்தல் அன்றும் இருந்தது, கொஞ்சம் குறைச்சலாக. ஞாயிற்றுக்கிழமை காலை பலமான மருந்தில் மிகச் சிறிய அளவு ஒன்றைச் சேர்த்தேன். கொடுத்துவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து டீச்சரின் மூச்சை எண்ண ஆரம்பித்தேன். நிமிஷத்துக்குப் பதினாறு. பதினாறு. ஒரு தடவை பதினான்கு வந்தது, உடனே முதலிலிருந்து எண்ணினேன். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. பிலோமி வந்து, நான் எண்ணுதேன், போய் ரெண்டு வாய் சாப்பிடுங்க என்று அதட்டினார். ஐந்து நிமிஷத்தில் திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அடைப்பு வார்டுக்கு அழைத்துப் போகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து வராந்தாவில் நின்றார்கள். சுபத்ரா சுவரோரம் நின்றிருந்தார். குளிப்பாட்டிவிட்டு அனுப்புகிறோம் என்று அவர்களை நிறுத்திவைத்துவிட்டு, டீச்சரை எழுப்பச் சொன்னேன்.

பிலோமி அவர் முதுகுக்குக் கீழே கை கொடுத்தார். நான் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் மடங்கவில்லை. டீச்சர் உட்கார்ந்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வராந்தாவில் அந்தப் பெரியவர் பழக்கதோஷத்தில் எழுந்து விறைப்பாக நின்றுவிட்டார். இங்கே சத்தம் எதுவும் வரவில்லை. சுபத்ரா வாயைப் பொத்திக்கொண்டார். டீச்சர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ சாப்பிட்டியா?" என்றார். யார் என்று தெரிந்து கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. நாலு மாதத்தில் டிரில் அல்லாத முதல் பேச்சு அது.

அப்போதுதான் திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. 'கருவிக் கோளாறு' என்று போட்டிருந்தது. காதில் பட்டை சரியாகத்தான் ஒட்டியிருந்தது. உள்பதிவைத் திறந்து பார்த்தேன். பூஜ்யத்துக்குக் கீழே ஓர் எண் வந்திருந்தது. அப்படி ஒன்று வர முடியாது என்று கருவியைச் செய்தவர்கள் நினைத்திருக்கிறார்கள், ஆகவே அதைக் கோளாறு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கழித்தல் ஆறு.

சுபத்ரா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அப்படின்னா அன்னைக்கு ஆறா இருந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஆற வச்சுக்கிட்டா சிரிச்சாவ?" என்றார். பிறகு அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து, வயசு வந்த பெண் அழுகிற மாதிரி இல்லாமல் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். வந்தவர்களை நான் திருப்பி அனுப்பினேன்.

எனக்குச் சந்தோஷம்தான். வெற்றி பெற்றவன் மாதிரி அறைக்கு வந்து, குழுவுக்கு எழுத வேண்டிய பதிலை மனசுக்குள் கோத்துக்கொண்டிருந்தேன். பிலோமி கையில் ஒரு தாளோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டூட்டியில் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எழுதினாராம். நாற்பத்தொரு பேரின் நிம்மதி நேரமும் எப்போது பதிந்தது என்ற பட்டியல். அவரே கருவியிலிருந்து எடுத்திருக்கிறார்.

வாசிக்கச் சொன்னேன். கடைசியிலிருந்து வாசித்தார். பேத்திக்குச் சடங்கு சுற்றிய நாள். மகன் துபாயிலிருந்து வந்த நாள். புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய நாள். அசன விருந்துக்குக் கோயிலுக்குப் போன நாள். சதாபிஷேகம். கொழுந்தியாள் மகன் கல்யாண வரவேற்பு. வீட்டில் விருந்தாளி இல்லாத நாள், யாரும் பார்க்காத நாள் என்று அதில் ஒன்றுகூட இல்லை. சந்தோஷமான வேளை எது என்று கேட்டால் எங்கள் ஊரில் யார்தான் வேறு மாதிரி சொல்வார்கள்? இரண்டாம் பெயர்வரை வந்ததும் பிலோமி தாளை மடித்தார்.

"ஒண்ணு விட்டுப்போச்சே, சிஸ்டர்."

"அது உங்களுக்கே தெரியும் சார்."

தெரியும். வலிமானித் தொடக்க விழா. மேடையில் முதல் வரிசை. சலவைச் சட்டை போட்டு, மாலை போட்டு, அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தேன். என் மகன் டாக்டர் என்கிற நிமிர்வோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். எங்க அப்பா எப்படி ராஜா மாதிரி இருக்கார் பாருங்க என்று மைக்கில் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். மறுநாள் மாத்திரையை நிறுத்தினேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு மூன்றாம் எண் அறைக்குப் போனேன். அப்பா ஜன்னலோரம் படுத்திருந்தார். விரல்கள் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தன. திரையில் பூஜ்யம். கட்டிலில் உட்கார்ந்து இரண்டாவது கையெழுத்துச் சீட்டை எழுதினேன்.

வியாழக்கிழமை காலை அவர் திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்பதிவைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை, பிலோமிதான் பார்த்துச் சொன்னார். கழித்தல் ஐந்து. அப்பா விழித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், கை போர்வைமேல் சும்மா கிடந்தது. ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு விரல்கூட அசையவில்லை. நான் சின்னப் பையனாக இருக்கும்போது வீட்டில் ரேடியோ போட்டால், அந்தச் சனியனை அமத்துடா, தலை வலிக்குது என்று சத்தம் போடுவார். பாட்டு என்றாலே அவருக்கு ஆகாது. அது எனக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.